எண்ணிக்கையும் எடையும்: ஓர் எரிதல் விஞ்ஞானியின் சைட்டேஷன் கணக்கு

(கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விட்டுப்போன சில விவரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)



போன கூட்டத்தில் சங்கீத மும்மூர்த்திகளைப் பற்றி இனிமையாகப் பேசினார்கள். இந்த மாதம் ரிடையரான ஒரு நூலகரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுருதி சேராவிட்டால் நான் பொறுப்பில்லை, செயலாளர்தான் பொறுப்பு.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு சீமந்தத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்: "எங்க பேத்தி பிஎச்.டி. பண்றா, கம்பஸ்டன்ல. அவளோட கைடுக்கு எச்-இண்டெக்ஸ் 38-ஆம். நீங்க லைப்ரரில இருந்தவராச்சே, அது நல்லதா சுமாரா, சொல்லுங்கோ." நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து ஒரு மாமி, "இப்பல்லாம் ஜாதகத்தோடயே அதையும் எழுதி அனுப்பறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பாயசம் வந்து, மோர் சாதமும் ஆன பிறகும் என்னால் அந்த மாமாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்றைக்கு முக்கால் மணி நேரம் சொல்லப் போகிறேன்.

கம்பஸ்டன் என்பதற்கு அகராதியில் 'தகனம்' என்று இருக்கும். சீமந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. ஆகவே 'எரிதல் இயல்' என்று வைத்துக்கொள்வோம். சமையல் அடுப்பு, கார் எஞ்சின், விமானத்தின் டர்பைன், அனல் மின்நிலையத்தின் பாய்லர், ராக்கெட், காட்டுத் தீ, எல்லாம் இதில் அடக்கம். அன்றாட வாழ்க்கையில் இதன் பங்கு பெரிது. ஆனால் ஆராய்ச்சி உலகில் இது சின்னக் குடும்பம். இந்தத் துறையின் சர்வதேச மாநாடுகளில் முதலாவது 1928-ல் அமெரிக்காவில் நடந்தது. கம்பஸ்டன் இன்ஸ்டிட்யூட் 1954-ல் ஏற்பட்டது. 'கம்பஸ்டன் அண்ட் ஃப்ளேம்' என்ற இதழ் 1957-ல் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மாநாட்டின் கட்டுரைத் தொகுதியில் இடம் பிடிப்பதே இவர்களுக்குப் பெரிய கௌரவம். குடும்பம் சின்னது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதினால், தான் எந்தெந்த முன் கட்டுரைகளை ஆதாரமாகக் கொண்டார் என்று கடைசியில் பட்டியல் தருவார். அப்படி ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையின் பட்டியலில் இடம்பெற்றால், அது ஒரு சைட்டேஷன். இங்கே இருக்கும் வக்கீல்களுக்கு இது புதிதல்ல. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று பார்க்காமல் அதை நம்பி வாதாட முடியாது. அமெரிக்காவில் 1873-லேயே 'ஷெப்பர்ட்' என்ற பெயரில் இதற்கென்று பட்டியல் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் யூஜீன் கார்ஃபீல்டு என்பவருக்கு விஞ்ஞானத்துக்கும் அப்படி ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1960-களில் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வர ஆரம்பித்தது.

இதில் நம்மவர் ஒருவருக்கும் இடம் உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924-ல் மெட்ராஸ் யூனிவர்சிடியின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1948-ல் இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் நடந்த மாநாட்டில், நூலகத்தின் வேலையைக் கணக்கு முறையில் அளக்க ஒரு தனித் துறை வேண்டும் என்று சொல்லி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் வைத்தார். கார்ஃபீல்டுக்கு அவரிடம் மிகுந்த மரியாதை. 1984-ல் ரங்கநாதனைப் பற்றி ஓர் அஞ்சலிக் கட்டுரையே எழுதினார். இருவருடைய நோக்கமும் ஒன்றுதான்: தேடுகிறவனுக்குத் தேடிய விஷயம் கிடைக்க வேண்டும். ஆளுக்கு மார்க் போடுவதற்காக அந்தப் பட்டியல் பிறக்கவில்லை.

மார்க் போடும் பழக்கம் பின்னால் வந்தது. எச்-இண்டெக்ஸ் என்பது 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் சொன்ன கணக்கு. ஒருவர் ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறார். அவை முறையே 40, 12, 6, 4, 1 முறை எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். குறைந்தது நான்கு சைட்டேஷனாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. ஐந்து பெற்ற கட்டுரைகள் ஐந்து இல்லை. ஆகவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. அவ்வளவுதான், ரகசியம் ஒன்றுமில்லை. இப்போது இன்னொருவரைப் பாருங்கள். ஒரே ஒரு கட்டுரை எழுதினார், அது 5000 முறை எடுத்தாளப்பட்டது. அவருடைய எச்-இண்டெக்ஸ் 1. முதலாமவரின் மொத்தம் 63, இரண்டாமவரின் மொத்தம் 5000. யார் பெரியவர் என்று இந்த எண்ணிடம் கேட்டால் முதலாமவர் என்று சொல்லும்.

என் கையால் நடந்த பிழை

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கையாலேயே ஒரு பிழை நடந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு நிம்மதி.

1990-களின் நடுவில், நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் பதவி உயர்வுக் கமிட்டி கூடியது. விண்ணப்பித்தவர்களுடைய சைட்டேஷன் எண்ணிக்கையைத் தயாரித்துத் தரும்படி நூலகத்துக்கு உத்தரவு வந்தது. அதில் ஒருவர் எரிதல் துறைக்காரர். அப்போது சைட்டேஷன் இண்டெக்ஸ் தலையணை தலையணையாக அச்சில் வரும். எழுத்து எறும்பு அளவு. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தேன். அவருக்கு இரண்டு இலக்கத்தில் ஏதோ ஓர் எண் வந்தது. டைப் அடித்துக் கொடுத்தேன். அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் நூலகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. "நீங்க எந்தப் பேர்ல தேடினேள்?" என்று மட்டும் கேட்டார். அவர் பெயரைச் சொன்னேன். நோட்டைப் பிரித்துக் காட்டினார். அவருடைய முக்கியமான நான்கு கட்டுரைகளில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது; முதல் பெயர் மாணவருடையது. அந்த அச்சுப் பட்டியலில் எடுத்தாளப்பட்ட கட்டுரைகளை முதல் ஆசிரியர் பெயரில் மட்டும்தான் அடுக்கியிருப்பார்கள். இரண்டாவது ஆசிரியரைத் தேடினால் கிடைக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், நாள் நெருக்கடியில், ஒவ்வொருவருடைய கட்டுரைப் பட்டியலையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன். மாணவர்கள் பெயரில் தேடிக் கூட்டியபோது எண் மூன்று இலக்கத்துக்குப் போனது.

"அவன் பேர் முன்னாடி இருந்தா அவனுக்கு எங்கயாவது வேலை கிடைக்கும்னு போட்டேன்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். கமிட்டி கலைந்துவிட்டதால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அடுத்த சுற்று வர இரண்டு வருஷமாயிற்று. அதில் அவருக்குக் கிடைத்தது. ஆனால் போன இரண்டு வருஷம் போனதுதான். ஒருவர் தன் மாணவனுக்குச் செய்த உபகாரத்தை என் கணக்கு அவருக்கே அபராதமாக ஆக்கிவிட்டது.

ஸ்பால்டிங் என்ற உதாரணம்

அதற்குப் பிறகு எனக்கு ஓர் ஆர்வம் பிறந்தது. இந்தத் துறையிலேயே மிகப் பெரியவர் ஒருவரை என் தவறான முறையில் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேடிப் பார்த்தேன். அவர் பெயர் பிரையன் ஸ்பால்டிங். 1923-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1954-லிருந்து 1988 வரை பணியாற்றினார். 2016-ல் காலமானார்.

இளம் வயதில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு திரவ எரிபொருள் துளி எப்படி எரிகிறது என்ற கேள்வி. துளி நேராக எரிவதில்லை. முதலில் ஆவியாக வேண்டும்; அந்த ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. எரிவதால் கிடைக்கும் சூடு எவ்வளவு, ஆவியாக்கத் தேவையான சூடு எவ்வளவு என்ற விகிதத்தைப் பொறுத்தே எரியும் வேகம். இந்த விகிதத்துக்கு இன்று 'ஸ்பால்டிங் எண்' என்றே பெயர். துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் எரிந்து தீர நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பது 'டி-ஸ்கொயர் விதி'. இதை ஸ்பால்டிங்கும், காட்சேவ் என்ற இன்னொருவரும் 1953-ல் வெளியான எரிதல் மாநாட்டுத் தொகுதியில் தனித்தனியாக எழுதினார்கள். டீசல் எஞ்சினில் எரிபொருளை ஏன் பொடிப்பொடித் துளியாகத் தெளிக்கிறார்கள் என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

அடுத்து அவர் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டார். சுழன்று சுழன்று ஓடும் காற்றோட்டத்தைக் கணக்கிட ஒரு முறை, 'கே-எப்சிலான்' என்பார்கள். அதைப் பற்றி லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-ல் எழுதிய கட்டுரை பத்தாயிரம் தடவைக்கு மேல் எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஓட்டத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றித் திருத்தி விடை காணும் 'சிம்பிள்' என்ற முறையைப் பற்றி பட்டாங்கரும் ஸ்பால்டிங்கும் 1972-ல் எழுதியது ஆயிரக்கணக்கில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. சுஹாஸ் பட்டாங்கர் நம் நாட்டுக்காரர். புனாவிலும் ஐ.ஐ.டி. பம்பாயிலும் படித்துவிட்டு, இம்பீரியலில் ஸ்பால்டிங்கிடம் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னால் அமெரிக்காவில் மினசோட்டாவில் பேராசிரியராக இருந்து அவர் 1980-ல் எழுதிய புத்தகம், நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து கிழிந்து பைண்டு பண்ணப்படும் புத்தகங்களில் ஒன்று.

இப்போது கவனியுங்கள். 'லாண்டரும் ஸ்பால்டிங்கும்', 'பட்டாங்கரும் ஸ்பால்டிங்கும்'. புகழ்பெற்ற இந்த இரண்டு கட்டுரைகளிலும் ஸ்பால்டிங் இரண்டாவது பெயர்! நான் செய்த மாதிரி அச்சுப் பட்டியலில் 'ஸ்பால்டிங்' என்ற பெயரில் மட்டும் தேடியிருந்தால், இந்த இரண்டுமே கண்ணில் பட்டிருக்காது. எங்கள் நிறுவனத்தில் அவர் விண்ணப்பித்திருந்தால் அவருக்கும் என் கையால் இரண்டு வருஷம் போயிருக்கும்.

ஸ்பால்டிங்கின் கணக்கு இன்னும் மூன்று பாடம் சொல்கிறது.

முதல் பாடம்: அந்தப் பத்தாயிரத்தில் பெரும் பங்கு எரிதல் துறையிலிருந்து வந்ததல்ல. கார் வடிவமைப்பவர், ஏ.சி. குழாய் போடுபவர், ஆற்றின் ஓட்டத்தைக் கணக்கிடுபவர் எல்லோருக்கும் கே-எப்சிலான் வேண்டும். எரிதலை மட்டும் எழுதினால் எரிதல்காரர்கள்தான் படிப்பார்கள். குடும்பம் சின்னது என்று சொன்னேனே. பலருக்கு வேண்டிய கருவியைச் செய்தவருக்கு எண் பெரிதாக வரும். அதனால் மருத்துவத்தில் ஒருவருக்கு இருக்கும் எண்ணையும் எரிதல் இயலில் ஒருவருக்கு இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, மைசூர்பாகை முறுக்கோடு நிறுத்துப் பார்ப்பது மாதிரி.

இரண்டாவது பாடம்: சைட்டேஷன் முதலில் சொன்னவரிடம் போவதில்லை, வசதியாகச் சொன்னவரிடம் போகிறது. சுழலும் சுடரில் எரிபொருளும் காற்றும் எவ்வளவு வேகமாகக் கலக்கின்றனவோ அவ்வளவு வேகமாகத்தான் எரியும் என்ற கருத்தை 1971-ல் ஸ்பால்டிங் ஒரு மாதிரியாக அமைத்துத் தந்தார். 1977-ல் மாக்னுசென், ஹெர்டாகர் என்ற நார்வேக்காரர்கள் அதை மாற்றி, எளிதாகப் பயன்படுத்தும்படி எழுதினார்கள். சாஃப்ட்வேர்களில் அந்த வடிவம் ஏறியது. இன்று சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர் 1977-ஐத்தான் குறிப்பிடுவார். அதேபோல ஸ்பால்டிங்குக்கும் முன்னோடி உண்டு. இரண்டு சமன்பாடுகளால் சுழல் ஓட்டத்தைப் பிடிக்கலாம் என்று ரஷ்யாவில் கோல்மகரோவ் 1942-லேயே எழுதிவிட்டார்.

மூன்றாவது பாடம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு கண்டுபிடிப்பு ரொம்பப் பெரிதாகிவிட்டால் சைட்டேஷன் குறையும். ஸ்பால்டிங் எண்ணைப் பயன்படுத்துகிறவர் பலர் 1953 கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பெயரே ஆதாரம் ஆகிவிட்டது. ராபர்ட் மெர்டன் என்ற சமூகவியல் அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். நம் மொழியில் 'கரைந்து மறைதல்' என்று சொல்லலாம், ரசத்தில் உப்பு மாதிரி. உப்பு இல்லாவிட்டால்தான் அது ஞாபகம் வரும்.

இதற்கு நம் ஊர் உதாரணமும் உண்டு. சர் சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பை 1928-ல் எழுதியது கல்கத்தாவிலிருந்து வந்த 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஸிக்ஸ்' இதழில். 1930-ல் நோபல் பரிசு. இன்றைக்கு எரிதல் ஆராய்ச்சிக் கூடங்களில் சுடருக்குள் லேசர் கதிரைச் செலுத்தி, சிதறி வரும் வெளிச்சத்தை வைத்து உள்ளே என்னென்ன வாயுக்கள், எத்தனை டிகிரி சூடு என்று அளக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரில் உள்ள சாண்டியா ஆய்வுக்கூடத்தில் இப்படி அளந்த சுடர்களின் விவரங்களை உலகம் முழுக்க உரைகல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ராமன் சிதறல் முறை. அந்தக் கட்டுரைகளில் ராமனின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். 1928 கட்டுரை ஆதாரப் பட்டியலில் பெரும்பாலும் இராது.

எண்ணில் ஏறாத வேலை

எண்ணில் ஏறவே ஏறாத வேலையும் இருக்கிறது. நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் நூறு டன்னுக்கு மேல் திட எரிபொருள் எரிகிறது. அது எந்த வேகத்தில் எரியும், நடுவில் அதிர்வு வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர்களின் அறிக்கைகளில் பல வெளியே வராதவை. அவற்றை யார் எடுத்தாள முடியும்? ராக்கெட் மேலே போயிற்று, அதுவே சைட்டேஷன்.

இன்னொன்று அடுப்பு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தாவின் குழு, விவசாயக் கழிவு வில்லைகளை முதலில் வாயுவாக்கி, சின்ன விசிறியால் காற்றுக் கொடுத்துப் புகை குறைவாக எரிக்கும் ஓர் அடுப்பை உருவாக்கியது. 'ஊர்ஜா' என்ற பெயரில் 2006 முதல் அது கடைக்கு வந்து, நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் விஞ்ஞானத்தையும் ஊர்களில் கிடைத்த அனுபவத்தையும் 2010-ல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பின்னால் வில்லைகளின் விலை ஏறியதால் வீடுகளில் அந்த அடுப்பின் உபயோகம் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விறகு ஊதி ஊதிக் கண் சிவந்த பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்த நாம், ஓர் எரிதல் விஞ்ஞானியின் வேலையை எடை போடும்போது, புகை குறைந்த ஒரு சமையலறையையும் தராசில் வைக்கத்தான் வேண்டும். அந்த அடுப்பில் சமைத்த எந்த அம்மாவும் கட்டுரை எழுதி ஆதாரம் காட்டப் போவதில்லை.

மார்ச் 31 கதை

எண்ணை இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பது இங்கே இருக்கும் வங்கி நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும். மார்ச் 31 அன்று டெபாசிட் மலைபோல் இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் மலை கரைந்துவிடும். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஓர் அளவுகோலைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தால் அது அளக்கும் குணத்தை இழந்துவிடும்.

ஆராய்ச்சியிலும் அதுதான் நடக்கிறது. ஒரு கட்டுரையில் சொல்ல வேண்டியதை மூன்றாக நறுக்குவது, வேலை செய்யாதவர் பெயரைச் சேர்ப்பது, நீ என்னை எடுத்தாள், நான் உன்னை எடுத்தாள்கிறேன் என்று நாலு பேர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள், எல்லாம் இதன் குழந்தைகள்தான். டாக்டர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2009-ல் யு.ஜி.சி. விதித்தது. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். அதனால் நல்ல கட்டுரைகளைவிட மோசமான இதழ்களே அதிகம் வளர்ந்தன என்பது என் போன்ற நூலகர்கள் தினமும் பார்த்தது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இதழின் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், கட்டுரையைப் பாருங்கள் என்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் 2012-ல் கூடியவர்கள் ஓர் அறிக்கையே தயாரித்தார்கள். எச்-இண்டெக்ஸைக் கொடுத்த ஹிர்ஷே 2020-ல், தான் எதிர்பாராத கெடுதல்கள் இதனால் வந்துவிட்டன என்று வருத்தத்தோடு எழுதினார்.

அதற்காக எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எண் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? தலைவருக்கு வேண்டியவர், ஊர்க்காரர், உறவுக்காரர் என்று பதவி போயிற்று. சிபாரிசு இல்லாத பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த எண் ஒரு கைத்தடி. கைத்தடியை ஊன்றி நடக்கலாம். அதையே கண் என்று நினைத்தால்தான் விழுவோம்.

நம் பெயர் படுத்தும் பாடு

இனி, நம் வீடுகளில் ஆராய்ச்சிக்குப் போகும் குழந்தைகளுக்கு உபயோகமான ஒரு விஷயம். நம் பெயர் வைக்கும் முறை கம்ப்யூட்டருக்குப் புரியாது. வெங்கடராமனின் மகன் கிருஷ்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவன் வி. கிருஷ்ணன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்பார்கள், அப்பா பெயரைப் போடுவான். அமெரிக்கா போனதும் அவன் கே. வெங்கடராமன். ஒரே ஆள், பட்டியலில் இரண்டு ஆள். அதன் பிறகு அவன் எழுதுவதெல்லாம் அப்பா பெயரில் சேரும். பித்ரு கடன் தீர்ந்தது என்று சந்தோஷப்படலாம், ஆனால் அவனுடைய எச்-இண்டெக்ஸ் பாதியாகிவிடும். அதே சமயம் எஸ். சுப்ரமணியன் என்று தேடினால் ஊரில் இருக்கிற அத்தனை சுப்ரமணியன்களும் ஒரே ஆளாக வந்து நிற்பார்கள். கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ளும் பெண்களின் கதை இன்னும் கஷ்டம். முன்பு எழுதியது ஒரு கணக்கில், பின்பு எழுதியது வேறு கணக்கில்.

இதற்கு 2012-லிருந்து ஒரு பரிகாரம் இருக்கிறது. 'ஆர்கிட்' என்ற அமைப்பு ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகத் தருகிறது. பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது. முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே அதை வாங்கிவிட வேண்டும். முதல் கட்டுரையில் போட்ட பெயர் வடிவத்தையே கடைசி வரை வைத்துக்கொள்ள வேண்டும். பேத்தி, பேரன் யாராவது ஆராய்ச்சியில் இருந்தால் இன்று வீட்டுக்குப் போய் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

மாமாவுக்குப் பதில்

சீமந்தத்தில் கேட்ட மாமா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். மாமா, 38 என்பது எரிதல் துறையில் நிறைய வருஷம் ஒழுங்காக வேலை செய்த ஒருவருக்கு வரக்கூடிய கௌரவமான எண். ஆனால் உங்கள் பேத்தி அந்த எண்ணோடு ஐந்து வருஷம் வேலை செய்யப் போவதில்லை, அந்த மனிதரோடுதான். ஆகவே நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எண் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது? கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தேர்ந்தெடுத்த இதழ்களையே முக்கியமாக எண்ணும். ஒரே ஆளுக்கு மூன்று எண் வரும். இரண்டாவது, அவருடைய கட்டுரைகளில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டது எது, எதற்காக எடுத்தாண்டார்கள்? அந்த ஒன்றை மட்டுமாவது படித்துப் பார்க்கட்டும். மூன்றாவது, அவர் செய்ததால் எந்த எஞ்சின், எந்த அடுப்பு, எந்தக் கணக்கு முறை மாறியது? நான்காவதுதான் முக்கியம்: அவருடைய கட்டுரைகளில் மாணவர்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது? அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

ஸ்பால்டிங்கின் பெயர் இரண்டாவதாக இருந்ததால் பட்டாங்கரை உலகம் தெரிந்துகொண்டது. எங்கள் நிறுவனத்து நண்பர் முன்னால் பெயர் போட்ட அந்த மாணவருக்கும் நல்ல வேலை கிடைத்தது. அதை எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. அவர் ரிடையராகும் நாளன்று அந்த மாணவர் வெளியூரிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.